பொறியியல் படித்துவிட்டுத் தெருவில் நின்றவர்



தைப்பிங், கமுந்திங் வட்டாரத்தில் பிறந்து வளர்ந்த நமக்குத் தலைப்பாகையும் தாடியும் புதுமையல்ல. நம் தாத்தா பாட்டிமார் அவர்களை 'வங்காளி' என்றே அழைத்துப் பழகிவிட்டார்கள். கல்கத்தா துறைமுகத்தில் கப்பலேறி வந்ததால் ஒட்டிக்கொண்ட பெயர் என்பார்கள். உண்மையில் அவர்கள் ஊர் பஞ்சாப், மொழி பஞ்சாபி, பெரும்பாலோர் சமயம் சீக்கியம். (வகுப்பில் இதை ஆண்டுக்கு ஒரு முறையாவது திருத்திச் சொல்லுகிறேன்; பிள்ளைகள் வீட்டுக்குப் போனதும் பாட்டி மறுபடியும் 'வங்காளி' ஆக்கிவிடுகிறார்!) 1896 முதல் 1919 வரை தைப்பிங்கைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த 'மலாய் ஸ்டேட்ஸ் கைட்ஸ்' படையில் பெரும்பாலோர் பஞ்சாப் மண்ணிலிருந்து வந்தவர்களே. படைக்கு வந்தவர்கள் போக, மாட்டுவண்டி ஓட்டியவர்களும், பால் கறந்து விற்றவர்களும், கடை வாசலில் கயிற்றுக் கட்டில் போட்டுக் காவல் படுத்தவர்களும் நம் பட்டணத்துச் சரித்திரத்தில் உண்டு.

அந்தப் பஞ்சாபில் பிறந்து, சீக்கியராக வளர்ந்து, லண்டனிலும் கனடாவிலும் பொறியியல் படித்து, பிறகு எல்லாவற்றையும் விட்டுவிட்டுக் கிறிஸ்தவ ஊழியத்தில் இறங்கிய ஒருவரைப் பற்றித்தான் இந்த மாதம் சொல்லப் போகிறேன். அவர் பெயர் பக்த் சிங். தமிழ்நாட்டுக் கிறிஸ்தவக் குடும்பங்களில் பழைய தலைமுறையிடம் கேட்டால் 'சகோதரர் பக்த் சிங்' என்று சொல்வார்கள். போதகர், ஐயர், குரு என்ற பட்டங்கள் எதையும் அவர் வைத்துக்கொள்ளவில்லை.

உடனே சிலர், "சாது சுந்தர் சிங்கைச் சொல்கிறீர்களா?" என்று கேட்கக்கூடும். அவர் வேறு, இவர் வேறு. சாது சுந்தர் சிங் 1889-ல் பிறந்தவர். பதினாறு வயதில், 1905-ல், சிம்லாவில் ஞானஸ்நானம் பெற்றவர். 1918-ல் நம் மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் வந்து போனவர். 1929-ஆம் ஆண்டு திபெத்துக்குப் புறப்பட்டவர் திரும்பவே இல்லை. அதே 1929-ன் கடைசி மாதத்தில்தான், கனடா நாட்டின் வின்னிபெக் நகரில், பக்த் சிங் கையில் புதிய ஏற்பாடு ஏறியது. ஒருவர் மறைந்த ஆண்டில் இன்னொருவர் புறப்பட்டார் என்று சொல்லி வியக்கிறவர்கள் உண்டு. நான் அவ்வளவு தூரம் போகமாட்டேன். ஆண்டுகள் அப்படி அமைந்தன, அவ்வளவுதான்.

சமயப் பிரசாரம் செய்வதற்காக இதை எழுதவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தப் பகுதியைப் படிக்கிறவர்களில் முருகன் படத்துக்கு விளக்கேற்றிவிட்டு வந்து உட்காருகிறவர்களும் உண்டு. ஞாயிற்றுக்கிழமை கோயில் மணிக்குக் காது கொடுக்கிறவர்களும் உண்டு. என்னை உறுத்திக்கொண்டிருப்பது வேறு. பிள்ளையை எஞ்சினியராக்கிப் பார்க்கத் தவம் கிடக்கும் பெற்றோர் நாம். அந்தப் பிள்ளை ஒரு நாள் வந்து, "எனக்கு இந்த வேலை வேண்டாம், நான் ஊழியத்துக்குப் போகிறேன்" என்றால் நாம் என்ன செய்வோம்?

எஞ்சினியர் என்ற சொல்லுக்கு நம்மிடையே இருக்கும் மவுசு எங்கிருந்து வந்தது என்று யோசித்துப் பாருங்கள். தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டு வரை நாட்டின் முதல் ரயில் 1885 ஜூன் முதல் தேதி ஓடியது. தண்டவாளம் எங்கே வளைய வேண்டும், பாலம் எங்கே அமைய வேண்டும் என்று கை நீட்டிக் காட்டியவர் வெள்ளைக்கார எஞ்சினியர். காட்டை வெட்டி, சேற்றில் இறங்கி, மண் சுமந்தவர்கள் இலங்கையிலிருந்து வந்த தொழிலாளர்கள். பிறகு ஈயச் சுரங்கத்தில் மண்வாரிக் கப்பல் வந்தபோதும், ரப்பர் தோட்டத்தில் 'ஸ்டோர்' எந்திரங்கள் வந்தபோதும் இதே கதைதான். கை நீட்டிக் காட்டுகிற இடத்தில் துரை. மண்வெட்டி பிடிக்கிற இடத்தில் நாம். ஆகவே, "என் மகன் எஞ்சினியருக்குப் படிக்கிறான்" என்று ஒரு பால்வெட்டுத் தொழிலாளி சொல்லும்போது அதில் சம்பளக் கணக்கு மட்டும் இருப்பதில்லை. மூன்று தலைமுறையின் முதுகு வலி இருக்கிறது.

பக்த் சிங் வீட்டிலும் ஒரு கனவு இருந்தது. அவர் 1903 ஜூன் 6-ஆம் தேதி, இன்று பாகிஸ்தானில் இருக்கும் ஜோயா என்ற கிராமத்தில் பிறந்தார். சொத்துள்ள குடும்பம். சிறுவனாக மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தபோது அவருக்கு ஒரு பைபிளைக் கொடுத்தார்கள். பையன் என்ன செய்தான் தெரியுமா? உள்ளே இருந்த தாள்களையெல்லாம் கிழித்துப் போட்டுவிட்டு, தோல் அட்டை அழகாக இருக்கிறதே என்று அதை மட்டும் வைத்துக்கொண்டான்! மற்ற சமயத்தாரின் நூலைக் கண்டால் அந்த வயதில் அவருக்கு அவ்வளவு வெறுப்பு. பிற்காலத்தில் கூட்டங்களில் இதை அவரே எடுத்துச் சொல்லியிருக்கிறார்.

லாகூரில் பட்டப்படிப்பு முடிந்ததும் இங்கிலாந்துக்குப் போக ஆசைப்பட்டார். தகப்பனாருக்கு அதில் விருப்பமில்லை. தாயார் நடுவில் நின்று அனுமதி வாங்கித் தந்தார். ஆனால் ஒரு வாக்கும் வாங்கிக்கொண்டார். போகிற இடத்தில் சமயம் மாறக்கூடாது. மகன் சத்தியம் செய்து கொடுத்துவிட்டுக் கப்பலேறினார். தாய்மார்களே, இந்த இடத்தைக் கொஞ்சம் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கதையின் பாரம் இங்கேதான் இருக்கிறது.

1926-ல் லண்டன் கிங்ஸ் கல்லூரியில் எந்திரப் பொறியியல் மாணவராகச் சேர்ந்தார். பட்டணம் அவரை மாற்றியது. தலைமுடியையும் தாடியையும் எடுத்தார். புகை, நாடகம், நடனம் எல்லாம் வந்து சேர்ந்தன. சமயம் மாறமாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தவர், இருந்த சமயத்தின் அடையாளத்தையும் விட்டுவிட்டார். கோலாலம்பூருக்கும் பினாங்குக்கும் படிக்கப் போன நம் பிள்ளைகள் முதல் விடுமுறைக்கு வீட்டுக்கு வரும்போது நடை உடை பாவனை எப்படி மாறியிருக்கும் என்று பார்த்தவர்களுக்கு இது வியப்பாக இராது.

1928-ஆம் ஆண்டுக் கோடை விடுமுறையில் மாணவர்களோடு கனடாவுக்குக் கப்பலில் போனார். கப்பலில் முதல் வகுப்புச் சாப்பாட்டு மண்டபத்தில் ஓர் ஆராதனை நடந்தது. கூட்டத்தோடு போய் உட்கார்ந்தவர், பிரசங்கம் நடக்கும்போது தூங்கிவிட்டார். விழித்துப் பார்த்தால் எல்லாரும் முழங்காலில் நிற்கிறார்கள்! எழுந்து போகவும் வழியில்லை. 'இந்த வெள்ளைக்காரர்கள் நம் நாட்டை ஆண்டு சுரண்டுகிறவர்கள். இவர்களோடு சேர்ந்து நான் மண்டியிடுவதா?' என்று உள்ளே ஒரு கொதிப்பு. கனடா என்றாலே அந்நாளில் பஞ்சாபியருக்கு ஒரு காயம் உண்டு. 1914-ல் 'கோமகாட்டா மாரு' என்ற கப்பலில் 376 பேர், பெரும்பாலோர் சீக்கியர், வான்கூவர் துறைமுகத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது, மிகச் சிலரைத் தவிர மற்றவர்களைக் கரையிறங்கவே விடாமல் இரண்டு மாதம் நிறுத்திவைத்துத் திருப்பியனுப்பினார்கள். அந்த நாட்டை நோக்கிப் போகும் கப்பலில் இருந்த இளைஞரின் ரோஷத்தை நாம் குறை சொல்ல முடியாது.

பிறகு வேறொரு நினைவு வந்ததாம். 'பள்ளிவாசலுக்குப் போனபோது செருப்பைக் கழற்றினேன். கோயிலுக்குப் போனபோதும் அவர்கள் முறைப்படி மரியாதை செய்தேன். இந்த இடத்துக்கு மட்டும் ஏன் அந்த மரியாதை கூடாது?' அப்படி நினைத்துத்தான் முழங்காலிட்டார். அந்த நேரத்தில் தம் உடம்பு முழுவதும் ஒரு சக்தி இறங்கியதையும், மனத்தில் ஒரு பெரும் சந்தோஷம் பொங்கியதையும் உணர்ந்ததாகப் பின்னாளில் சொன்னார். அவர் சொன்னதை நான் சொல்லுகிறேன். அளந்து பார்க்க என்னிடம் கோல் இல்லை. என்னைக் கவர்வது அந்த மரியாதைதான். மூன்று சமயத்துக் கோயில்களும் ஒரே தெருவில் இருக்கும் ஊர்க்காரர்கள் நாம். அது நமக்குப் புரியும்.

மறு ஆண்டு மீண்டும் கனடாவுக்குப் போனார். இம்முறை வின்னிபெக்கில் வேளாண் பொறியியல் படிப்பு. உழவுக்கும் அறுவடைக்குமான எந்திரக் கல்வி. கண்ணுக்கு எட்டிய தூரம் கோதுமை விளையும் சமவெளி அது. பஞ்சாபும் கோதுமை நாடுதான். கற்றுக்கொண்டு ஊர் திரும்பினால் என்ன வாழ்வு காத்திருந்திருக்கும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

1929 டிசம்பரில் ஒரு நண்பரிடம், "படிக்க ஒரு பைபிள் கிடைக்குமா?" என்று கேட்டார். நண்பர் தம் சட்டைப் பையிலிருந்த புதிய ஏற்பாட்டை எடுத்துக் கொடுத்தார். இரவு வெகுநேரம் வரை படித்தார். மறுநாள் வெளியே எங்கும் பனி மூடிக் கிடந்தது. படுக்கையை விட்டு எழாமல் நாள் முழுவதும் படித்தார். தைப்பிங் மழையில் இரண்டு நாள் வீட்டுக்குள் அடைபட்டுக் கிடந்தவர்களுக்கு அந்த நிலை ஓரளவு தெரியும். ஆனால் மழைக்கு நாம் தொலைக்காட்சியை முடுக்கிவிடுகிறோம். அவர், தாம் சிறுவயதில் தாள் தாளாகக் கிழித்துப் போட்ட நூலையே வரி விடாமல் படித்துக்கொண்டிருந்தார். யோவான் எழுதிய சுவிசேஷத்தின் மூன்றாம் அதிகாரத்தில் அவர் மனம் திரும்பியது.

இதற்குப் பின் அவர் நடந்துகொண்ட விதத்தைத்தான் பெற்றோர் கவனிக்க வேண்டும். மறுநாளே புத்தகத்தை மூடிவிட்டு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடி வரவில்லை. 1932 பிப்ரவரி 4-ஆம் தேதிதான் வான்கூவரில் ஞானஸ்நானம் பெற்றார். இடையில் இரண்டு ஆண்டுகளுக்கு மேல். அவருடைய முதல் எண்ணம் நம் எண்ணத்தைப் போன்றதே. 'நான் எஞ்சினியராகச் சம்பாதிக்கிறேன். சம்பாதிப்பதை ஊழியம் செய்கிறவர்களுக்குக் கொடுத்துவிடுகிறேன்.' கெட்ட யோசனையா அது? நான் அந்த இடத்தில் இருந்திருந்தால் அதற்குமேல் ஒரு படி ஏறியிருக்கமாட்டேன். ஆனால் கடவுள் கேட்பது தம் பணத்தை அல்ல, தம்மையே என்று அவருக்குப் பட்டது. அதற்கு இணங்கியபோது மூன்று நிபந்தனைகள் தம் முன் வைக்கப்பட்டதாக அவர் சொல்வார். ஊரில் உள்ள குடும்பச் சொத்தில் தம் பங்கைக் கேட்கக்கூடாது. எந்தச் சங்கத்திலும் சேராமல் எல்லாருக்கும் ஒன்றுபோல் ஊழியம் செய்ய வேண்டும். சொந்தமாகத் திட்டம் போட்டுக்கொள்ளக்கூடாது.

முதல் நிபந்தனையைப் பாருங்கள். ஊழியத்துக்குப் போகிறேன் என்று கிளம்புகிறவர் சொத்தில் பங்கு கேட்டுச் சண்டை போடுவதை நாம் பார்த்திருக்கிறோம். ஊழியத்தின் பெயரால் தோட்டத்து ஜனங்களின் சேமநிதிப் பணத்தில் கண் வைக்கிறவர்களையும் பார்த்திருக்கிறோம். எல்லாச் சமயத்திலும் இப்படிப்பட்டவர்கள் உண்டு. ஒரு பக்கத்தை மட்டும் குற்றம் சொல்ல நான் வரவில்லை. இவர் தொடங்கிய இடமே வேறு. பிற்காலத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் கூடிய கூட்டங்களிலும் பணத் தேவையைச் சொல்லி மனிதரிடம் கேட்பதில்லை என்பதை அவர் வழக்கமாகவே வைத்திருந்தார்.

1933-ல் பம்பாய் வந்து இறங்கினார். தாயும் தகப்பனும் பஞ்சாபிலிருந்து அத்தனை தூரம் ரயிலேறி வந்து காத்திருந்தார்கள். ஏழு ஆண்டுகளுக்கு முன் சத்தியம் வாங்கிக்கொண்டு அனுப்பிய தாய். செய்தி கடிதத்தில் முன்பே தெரிந்துவிட்டது. கோபித்து அடித்துத் துரத்த அவர்கள் வரவில்லை. ஒரு சமாதானத்தோடு வந்தார்கள். "மனத்துக்குள் வைத்துக்கொள், வெளியே சொல்லாதே, குடும்பத்துக்கு மானம் இருக்கிறது." இவ்வளவுதான் கேட்டார்கள். மகன் முடியாது என்றார். மூச்சு விடாமல் எப்படி உயிர் வாழ்வது, இதுவும் எனக்கு அப்படித்தான் என்ற பொருளில் பதில் சொன்னார். பெற்றோர் அவரை அங்கேயே விட்டுவிட்டு ஊர் திரும்பினார்கள். கையில் பணமில்லை, போக இடமில்லை. லண்டனிலும் கனடாவிலும் படித்தவர் பம்பாய்த் தெருவில் நின்றார்.

இந்தக் காட்சியைச் சொல்லும் பிரசங்கிமார் பெரும்பாலும் மகனின் உறுதியைப் பாராட்டிவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போய்விடுவார்கள். எனக்கு அந்தத் திரும்பும் ரயில்தான் கண்ணில் நிற்கிறது. பம்பாயிலிருந்து பஞ்சாப் வரை, ஒரு பெட்டியில் எதிரும் புதிருமாக உட்கார்ந்து, அந்தக் கணவனும் மனைவியும் என்ன பேசியிருப்பார்கள்? 'நீதானே அனுப்பச் சொன்னாய்' என்று ஒரு வார்த்தை விழாமலா இருந்திருக்கும்?

சில ஆண்டுகளுக்கு முன் அப்படி ஒரு தகப்பனை நான் நேரிலேயே பார்த்தேன். தோட்டம் துண்டு போட்டு விற்கப்பட்டபின் கமுந்திங்கில் மலிவு வீடு ஒன்றில் குடியேறியவர். மகன் என்னிடம் படித்தவன். கல்விக் கடன் வாங்கி, பொறியியல் முடித்து, பினாங்கில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் வேலையில் இருந்தான். ஒரு சாயங்காலம் மோட்டார் சைக்கிளை என் வீட்டு வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே வராமல் நின்றார்.

"சார், பையன் வேலைய உட்டுட்டு பைபிள் காலேஜுக்குப் போறேங்கிறான். நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க சார். உங்க பேச்சக் கேப்பான்."

"உள்ளே வாங்கண்ணே. கடன் எவ்வளவு பாக்கி இருக்கு?"

"அதெல்லாம் இல்ல சார். கடன அவனே கட்டி முடிச்சிட்டானாம். அப்புறந்தான் எங்கிட்ட சொல்றான். அதான் சார் எனக்கு பயமா இருக்கு."

நான் ஒன்றும் சொல்லாமல் தேநீர் கலக்க உள்ளே போனேன். கடனைத் தீர்த்துவிட்டு வந்து சொல்லுகிற பிள்ளை, கோபத்திலோ யாரோ ஏற்றிவிட்ட வேகத்திலோ பேசவில்லை என்பது அவருக்கே தெரிந்துவிட்டது. அவர் பயந்தது அதனால்தான். அன்று அவரிடம் பக்த் சிங்கின் கதையைத்தான் சொன்னேன். அவர் முழுவதும் கேட்டுவிட்டு, "அந்த அப்பா அப்புறம் மகன்கிட்ட பேசினாரா சார்?" என்ற ஒரு கேள்வியை மட்டும் கேட்டார்.

பேசினார். ஆண்டுகள் ஆயின, ஆனால் பின்னாளில் தகப்பனார் மகனை ஏற்றுக்கொண்டார்.

அந்த ஆண்டுகளில் மகன் என்ன செய்துகொண்டிருந்தார் என்று பார்ப்போம். கராச்சி நகரத் தெருக்களில் நின்று பிரசங்கித்தார். தெருக் கூட்டும் தொழிலாளர் குடியிருப்புகளுக்குப் போய்ப் பேசினார். தீண்டாமை கொடிகட்டிப் பறந்த காலம் அது. வெளிநாட்டில் படித்த ஒருவர் அந்த வீடுகளின் வாசலில் போய் உட்காருவது சாதாரணமான காரியம் அன்று. 1937-ல் பஞ்சாபில் மார்ட்டின்பூர் என்ற கிராமத்தில் நடந்த கூட்டங்களில் பெரும் எழுப்புதல் உண்டானது. அதற்குப் பிறகுதான் அவர் பெயர் இந்தியா முழுவதும் பரவியது.

1938-ல் சென்னைக்கு வந்தார். தமிழ் தெரியாது. மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொண்டு பேசினார். ஆனாலும் மக்கள் திரண்டார்கள். சென்னைச் சபைகள் சில அவரை வரவேற்றன. சிலவற்றுக்கு அவர் போக்குப் பிடிக்கவில்லை. தங்கள் பிள்ளைகள் பிரிந்து அவர் பின்னால் போகிறார்கள் என்று குறைபட்டுக்கொண்டன. அந்தக் குறையையும் நாம் சொல்லத்தான் வேண்டும். நூறு ஆண்டு பாடுபட்டுக் கட்டிய சபையிலிருந்து குடும்பம் குடும்பமாக ஆட்கள் வெளியேறினால் மூப்பர்களுக்கு வலிக்காதா? பெரிய மனிதர்களால் வீடுகள் பிரிகிற மாதிரி சபைகளும் பிரிகின்றன.

1941-ல், சென்னையை அடுத்த பல்லாவரத்து மலையில் சில நண்பர்களோடு ஓர் இரவு முழுவதும் ஜெபத்தில் கழித்தார். (சென்னை விமான நிலையத்தில் இறங்கியிருக்கிறவர்களுக்கு அந்தப் பக்கத்துக் குன்றுகள் தெரிந்திருக்கும்.) அதற்குப் பின் அதே ஆண்டு ஜூலையில் சென்னையில் ஒரு வீட்டில் 'யேகோவா ஷம்மா' என்ற பெயரில் கூடுகை தொடங்கியது. 'கர்த்தர் அங்கே இருக்கிறார்' என்பது பொருள். வெளிநாட்டு மிஷன் பணமும் வெள்ளைக்காரர் மேற்பார்வையும் இல்லாமல், இந்தியர் கையாலேயே நடந்த சபை. டிசம்பரில் முதல் பெருங்கூட்டம். அந்த டிசம்பரை நம் வீட்டுப் பெரியவர்கள் மறக்கவில்லை. எட்டாம் தேதி ஜப்பானியர் கோத்தா பாருவில் இறங்கி, மாதம் முடிவதற்குள் நம் தைப்பிங்கைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார்கள். உலகமே ஓடி ஒளிந்த காலத்தில், அங்கே பந்தல் போட்டுப் பாடிக்கொண்டிருந்தார்கள்.

அந்தப் பெருங்கூட்டங்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல ஆசை. பிறகு ஆண்டுதோறும் சென்னையிலும், 'எபிரோன்' என்ற பெயரில் ஐதராபாத்தில் அமைந்த தலைமையிடத்திலும் அவை நடந்தன. ஆயிரக்கணக்கானவர்கள் பல மாநிலங்களிலிருந்து வந்து பந்தலிலேயே தங்கினார்கள். நாற்காலி கிடையாது, எல்லாருக்கும் தரையில் பாய். எல்லாருக்கும் ஒரே பந்தி, ஒரே சோறு, ஒரே குழம்பு. சாதி பார்த்து உட்காரும் வரிசை அங்கே இல்லை. வசனம் எழுதிய பதாகைகளைத் தூக்கிக்கொண்டு, மேளம் தட்டிப் பாடி, வீதி வீதியாக ஊர்வலம் போனார்கள்.

நம் தோட்டத்து மாரியம்மன் திருவிழாவில் அன்னதானத்துக்குப் பொறுப்பேற்றவர்களைக் கேட்டுப் பாருங்கள், ஐந்நூறு பேருக்குச் சமைப்பது என்றால் என்ன என்று. அரிசி எத்தனை மூட்டை, தண்ணீர் எங்கிருந்து, விறகு எவ்வளவு, இலை யார் எடுப்பது, கழிவு நீர் எந்தப் பக்கம் ஓடும் என்று மூன்று நாள் தூக்கம் இருக்காது. அவர்கள் நாள் கணக்கில் ஆயிரக்கணக்கானவர்களுக்கு இதைச் செய்தார்கள். அதுவும் ஆண்டு தவறாமல். கணக்கும் அளவும் படித்த மூளை ஒன்று பந்தலுக்குப் பின்னால் இருந்தது வீண் போயிருக்காது என்பது என் எண்ணம். மகன் படித்த படிப்பெல்லாம் பாழ் என்று அந்தப் பெற்றோர் பம்பாயிலிருந்து திரும்பும் வழியில் நினைத்திருந்தால், இந்தப் பந்தியை ஒரு முறை பார்த்திருக்க வேண்டும்.

இதற்காக, வேலையை விட்டால்தான் ஊழியம் என்று நான் சொல்ல வரவில்லை. எதிர்ப்பக்கத்துக்கு ஓர் எஞ்சினியரைக் காட்டுகிறேன். சர் ஆர்தர் காட்டன், 1803-ல் பிறந்து 1899-ல் மறைந்த ஆங்கிலேயர். ஆழ்ந்த கிறிஸ்தவ பக்தர். ஆனால் அளவு கோலைக் கீழே வைக்கவில்லை. நம்மில் பலருடைய பாட்டன் பூட்டன் ஊர் திருச்சி, தஞ்சாவூர்ப் பக்கம்தான். காவிரித் தண்ணீரெல்லாம் கொள்ளிடத்துக்குள் ஓடி வடிந்து, தஞ்சை வயல்கள் வறண்டுகொண்டிருந்த நாளில், 1836-ல் முக்கொம்பில் மேலணை கட்டித் தண்ணீரைத் திருப்பியவர் அவர். பிறகு ஆந்திராவில் கோதாவரி ஆற்றுக்குக் குறுக்கே தவளேஸ்வரம் அணையைக் கட்டினார். கோதாவரிப் பக்கத்து விவசாயிகள், பெரும்பாலோர் இந்துக்கள், இன்றைக்கும் அவருக்குச் சிலை வைத்து மாலை போடுகிறார்கள். அவர் வேலையை விட்டுவிட்டுப் பிரசங்கத்துக்குப் போயிருந்தால் அந்த வயல்களுக்குத் தண்ணீர் வந்திருக்குமா? பக்த் சிங் வேலைக்குப் போயிருந்தால் அந்தப் பந்தி நடந்திருக்குமா? எது பெரிது என்று என்னைக் கேட்காதீர்கள். இரண்டு பேருமே தாம் எடுத்த காரியத்தில் கடைசி வரை நின்றார்கள். உங்கள் வீட்டுப் பிள்ளை எந்தப் பக்கம் போவதாகச் சொன்னாலும், கடன் வைத்திருக்கிறானா, யாரிடம் கை நீட்டப் போகிறான், யாரோடு உட்கார்ந்து சாப்பிடப் போகிறான் என்று விசாரியுங்கள். வேலையின் பெயரை விசாரிப்பதைவிட இது உங்களுக்கு அதிகம் சொல்லும்.

பக்த் சிங் கடைசி நாட்களில் நடுக்குவாத நோயால் நெடுங்காலம் படுக்கையில் கிடந்தார். ஊர் ஊராக நடந்தவர், குரல் எடுத்துப் பேசியவர், பிறர் கையால் சோறு உண்ணும் நிலைக்கு வந்தார். ஐதராபாத் எபிரோனிலேயே வைத்து அவரைப் பார்த்துக்கொண்டார்கள். 2000-ஆம் ஆண்டு செப்டம்பர் 17-ஆம் தேதி, தொண்ணூற்றேழாம் வயதில் அங்கேயே காலமானார். வழியனுப்பப் பெருங்கூட்டம் வந்தது.

பஞ்சாபில் அவர் வேண்டாம் என்று விட்ட சொத்து என்னவாயிற்று என்று சிலர் கேட்பார்கள். நம்மவர்களுக்கு நிலத்தின் மேல் எப்போதும் ஒரு கண் உண்டு. 1947-ல் நாடு பிரிந்தபோது ஜோயா எல்லைக்கு அந்தப் பக்கம் போய்விட்டது. பங்கு கேட்டு வாங்கியவர்களும், கேட்காமல் விட்டவர்களும், அந்த வட்டாரத்து இந்துக்களும் சீக்கியர்களும் வீட்டைப் பூட்டிச் சாவியை மடியில் கட்டிக்கொண்டு இந்தப் பக்கம் நடந்து வந்தார்கள்.